இலங்கைக்குத் தெற்கே கடலில் 106 மீட்டர் பள்ளம்: ஓட்டையும் இல்லை, புதுசும் இல்லை

கேட்டிருந்தது இதுதான்: இலங்கைக்குக் கீழே இந்தியப் பெருங்கடலில் "ஈர்ப்பு விசை ஓட்டை" ஒன்றை விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்களாமே, அங்கே கடல் நூறு மீட்டருக்கு மேல் பள்ளமாக இருக்கிறதாமே, அப்படியானால் கப்பல்கள் எப்படிப் போகின்றன, பள்ளத்துக்குக் காரணம் என்ன, குமரிக்கண்டம் மூழ்கிய இடம் அதுதானா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளம் உண்மை, 106 மீட்டரும் உண்மை. ஓட்டை கிடையாது, கப்பலுக்கு ஒன்றும் ஆகாது, குமரிக்கண்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 2023-இல் கண்டுபிடித்ததும் இல்லை, 1948-லேயே தெரிந்த விஷயம். 2023-இல் வந்தது, அந்தப் பள்ளம் எப்படி உருவாகியிருக்கும் என்பதற்கு ஒரு விளக்கம். அது பெங்களூரிலிருந்து வந்தது, அதை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவும் இல்லை. செய்தி போட்டவர்கள் பழைய அளவீட்டையும் புது விளக்கத்தையும் ஒரே தலைப்பில் போட்டுக் கலக்கியதில் வந்த குழப்பம்தான் பாதி.

சரி, இனி நிதானமாகப் பார்ப்போம்.

பூமி உருண்டை என்று படித்திருக்கிறோம், ஆனால் தன்னைத் தானே சுற்றுவதால் நடுவில் கொஞ்சம் பெருத்தும் துருவங்களில் கொஞ்சம் தட்டியும் இருக்கிறது. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ., வித்தியாசம் 21 கி.மீ. இந்த வடிவத்தை வழவழப்பான ஒரு நீள்கோளமாகக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள், ஜி.பி.எஸ். கருவி உயரத்தை அளப்பது அந்தக் கற்பனை நீள்கோளத்திலிருந்துதான். ஆனால் உண்மையான பூமிக்குள் பொருள் அவ்வளவு சீராகப் பரவிக் கிடக்கவில்லை. ஓரிடத்தில் கனமான பாறை, இன்னோரிடத்தில் சூடாகி லேசான பாறை. பொருள் அதிகம் இருக்கும் பக்கம் தண்ணீர் கூடுதலாக இழுக்கப்பட்டு மேடாகும், குறைவான பக்கம் தாழும். அலை, காற்று, நீரோட்டம், ஓதம் எதுவுமே இல்லாமல் கடல் தன் போக்கில் அடங்கிக் கிடந்தால் எந்த வடிவத்தில் நிற்குமோ அந்த வடிவத்துக்கு ஜியாய்டு என்று பெயர். நிலத்துக்கு அடியிலும் அதைக் கற்பனையாக நீட்டிக்கொள்வார்கள், நாம் சொல்லும் "கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்" என்பதெல்லாம் ஏறக்குறைய அதிலிருந்து அளப்பதுதான்.

இந்த ஜியாய்டு நீள்கோளத்தை விட நியூ கினியா பக்கம் சுமார் 85 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. உலகத்திலேயே மிகத் தாழ்ந்த இடம் நம் பக்கத்தில், ஏறத்தாழ 4.7 பாகை வடக்கு, 78.8 பாகை கிழக்கில், மைனஸ் 106 மீட்டர். கன்னியாகுமரியிலிருந்து அந்தப் புள்ளி சுமார் 400 கி.மீ.தான், கொழும்பிலிருந்து அதைவிடக் குறைவு. அது வெறும் நடுப்புள்ளி. தாழ்வான பகுதி மொத்தம் 30 லட்சம் சதுர கி.மீ., அதாவது கிட்டத்தட்ட இந்தியா அளவுக்குப் பரந்து தெற்கே போகிறது. அதன் வடக்குச் சரிவில்தான் தமிழ்நாடும் இலங்கையும் உட்கார்ந்திருக்கின்றன.

இதை வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம். ஜி.பி.எஸ். எண்ணைத் திருத்தாமல் அப்படியே காட்டும் செயலி எதையாவது ஆண்ட்ராய்டு போனில் போட்டுக்கொண்டு மெரினா மணலில் நின்று பாருங்கள், உயரம் மைனஸ் 80 சொச்சம் மீட்டர் என்று காட்டும். போன் கெட்டுப்போகவில்லை. நீங்கள் நிற்கும் கடல் மட்டமே நீள்கோளத்துக்கு அவ்வளவு கீழே இருக்கிறது, அவ்வளவுதான். கன்னியாகுமரியில் இது 90-ஐத் தாண்டும். டெல்லியில் இவ்வளவு இருக்காது, 50 சொச்சம்தான். சில செயலிகள் உள்ளுக்குள்ளேயே திருத்தம் செய்துவிட்டு "கடல் மட்ட உயரம்" என்று காட்டும், அதில் இது தெரியாது.

சர்வே வேலையில் இருப்பவர்களுக்கு இது தினசரித் தலைவலி. டிரோன் பறக்கவிட்டு ஒரு கடலோரக் கிராமத்தைப் படம்பிடித்து வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், திருத்தம் போட மறந்திருந்தால் ஊர் முழுக்க மைனஸ் 84, மைனஸ் 86 என்று வரும். அதைப் பார்த்துவிட்டு ஒரு உதவிப் பொறியாளர் "என்னப்பா, எங்க ஊரு கடலுக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன், பையன்கள் முழித்தார்கள். சரி, எல்லாவற்றோடும் 86-ஐக் கூட்டிவிட்டால் முடிந்ததே என்று தோன்றும். ஒரு தெருவுக்கு அது போதும். ஐம்பது கி.மீ. நீளத்துக்கு ஒரு வாய்க்கால் என்றால் போதாது, ஏனென்றால் நாம் நிற்பதே சரிவில், அந்தக் கூட்டல் எண் ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே போகும். டெல்டாவில் வாய்க்காலுக்குக் கிடைக்கும் சரிவே சொற்பம், அதில் ஐம்பது கி.மீ.க்குள் அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று உயரக் கணக்கு நழுவினால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதே காகிதத்தில் தலைகீழாகிவிடும். அதனால்தான் ஜி.பி.எஸ். உயரத்தை எடுத்த கையோடு ஜியாய்டு மாதிரியைப் (எந்த இடத்தில் எவ்வளவு தாழ்வு என்று கணக்கிட்டு வைத்திருப்பது) பயன்படுத்தித் திருத்துவதும், உயரம் குறித்து வைத்த பழைய பெஞ்ச் மார்க் கல் ஒன்றில் ஒப்பிட்டுப் பார்ப்பதும்.

கப்பல் விஷயத்துக்கு வருவோம். சூயஸிலிருந்து மலாக்கா போகும் பெரிய கப்பல் பாதை இலங்கையின் தென்முனையை உரசிக்கொண்டுதான் போகிறது, உலகத்தின் நெரிசலான கடல் பாதைகளில் ஒன்று. அந்தத் தாழ்ந்த புள்ளிக்குச் சில நூறு கி.மீ. பக்கத்தில் கப்பல்கள் தினமும் போய் வருகின்றன, மாலுமிக்கு ஒன்றும் தெரியாது. காரணம், நமக்கு "கீழே" என்பது ஈர்ப்பு விசை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம். ஜியாய்டின் மேற்பரப்பு எல்லா இடத்திலும் அந்த இழுப்புக்குச் செங்குத்தாகவே நிற்கும், அதனால் அதில் ஏற்றமும் கிடையாது இறக்கமும் கிடையாது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் பள்ளத்தின் ஓரத்திலும் நடுவிலும் குமிழி நடுவிலேயே நிற்கும். தண்ணீர் அந்தப் பள்ளத்துக்குள் பாய்ந்து ஏன் நிரப்பவில்லை என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: நிரம்பி அடங்கிய பிறகு இருக்கும் நிலைதான் இது. வெறும் வடிவக் கணக்காகப் பார்த்தாலும், நூறு மீட்டர் தாழ்வு ஆயிரத்து ஐநூறு கி.மீ. தூரத்தில் பரவியிருந்தால், நூறு மீட்டர் தூரத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வராது. இணையத்தில் சுற்றுகிற, உருளைக்கிழங்கு மாதிரி கோணிக்கொண்டிருக்கும் பூமிப் படம் உயர வித்தியாசத்தைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கி வரைந்தது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எடை குறையுமா என்றால், குறையும். அந்தப் பகுதியில் ஈர்ப்பு முடுக்கம் எதிர்பார்ப்பதைவிடச் சுமார் 50 மில்லிகால் (ஈர்ப்பை அளக்கும் சிறிய அலகு) குறைவு, அதாவது இருபதாயிரத்தில் ஒரு பங்கு. 60 கிலோ ஆள் வில் தராசில் ஏறினால் 3 கிராம் குறையும். நிலநடுக்கோட்டிலிருந்து துருவத்துக்குப் போனால் அதே ஆளுக்கு 300 கிராம் கூடும், அதை யாரும் செய்தியாக்குவதில்லை.

இங்கேதான் எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த இடம் வருகிறது. ஈர்ப்பு இவ்வளவு கொஞ்சமாகக் குறைந்திருக்கும்போது கடல் மட்டம் மட்டும் எப்படி நூறு மீட்டர் இறங்கும்? ஜாவாவுக்குத் தெற்கே ஆழ்கடல் அகழி இருக்கிறது, அதன் மேல் ஈர்ப்புக் குறைவு 100 மில்லிகாலைத் தாண்டும், இதைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அங்கே கடல் மட்டம் இறங்குவது இதில் ஒரு சிறு பங்குதான். ஏனென்றால் அகழி குறுகலானது. குறைவு சின்னதாக இருந்தாலும் ஆயிரக்கணக்கான கி.மீ. அகலத்துக்குப் பரவியிருந்தால் அது சேர்ந்து சேர்ந்து ஜியாய்டைப் பெரிய அளவில் தாழ்த்திவிடும். அதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. மேலோட்டில் இருக்கும் ஒரு மலையோ பள்ளமோ இவ்வளவு அகலமான, இவ்வளவு மென்மையான தாழ்வை உண்டாக்காது. காரணம் ஆழத்தில் இருக்க வேண்டும், பல நூறு கி.மீ. கீழே, பாடப்புத்தகத்தில் கவசம் என்று படித்திருப்பீர்களே, அந்த மேன்டிலுக்குள். கடல் தரையை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் விடை அதில் கிடைக்காது.

இதை முதலில் அளந்தவர் வெனிங் மைனஸ் என்ற டச்சு விஞ்ஞானி. அந்தக் காலத்தில் ஈர்ப்பை ஊசல் ஆட்டி அளப்பார்கள், ஆடும் நேரத்தை வைத்துக் கணக்கு. கப்பலில் ஊசல் வைத்தால் அலை ஆட்டுவதுதான் பதிவாகும். அவர் ஒரே தளத்தில் ஆடும் ஊசல்களை ஜோடி சேர்த்து, கப்பலின் பக்கவாட்டு அசைவு கணக்கில் கழிந்துபோகும்படி ஒரு கருவி செய்தார், அதைத் தூக்கிக்கொண்டு போய் நீர்மூழ்கிக் கப்பலில் வைத்தார், அலைக்குக் கீழே போய்விட்டால் ஆட்டம் குறையும் என்று. 1923-இல் டச்சு நீர்மூழ்கி ஒன்றில் ஐரோப்பாவிலிருந்து ஜாவா வரை இப்படி அளந்துகொண்டே போனார், அப்போது ஜாவா அவர்கள் ஆட்சியில் இருந்தது. அப்புறம் பல பயணங்கள். அந்த அளவீடுகள் 1948-இல் தொகுப்பாக வந்தபோது இந்தியப் பெருங்கடல் தாழ்வு தெரிந்துவிட்டது. செயற்கைக்கோள்கள் வந்த பிறகு படம் தெளிவானது. 2002-இல் ஏவிய கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாக சுமார் 220 கி.மீ. இடைவெளியில் பறந்து, அந்த இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று மைக்ரான் அளவில் பார்த்து ஈர்ப்பைக் கணக்கிட்டன. 2009-இல் ஐரோப்பாவின் கோசே செயற்கைக்கோள் வெறும் 255 கி.மீ. உயரத்தில் தாழப் பறந்து இன்னும் நுணுக்கமாக வரைந்தது.

பூமிக்குள் பொருள் குறைவாக இருக்கும் இடங்கள் உண்டு என்ற யோசனைக்கே நம் ஊர்த் தொடர்பு ஒன்று இருக்கிறது, கேள்விக்கு வெளியே என்றாலும் சொல்லிவிடுகிறேன். 1802-இல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை, அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் வடக்கே போனபோது, கல்யாண்பூர், கல்யாணா என்ற இரண்டு அளவை நிலையங்களுக்கு இடையில் விண்மீனை வைத்துக் கணக்கிட்டதும் தரையில் அளந்ததும் 5.236 வினாடி (நேரம் அல்ல, பாகையின் 3,600-இல் ஒரு பங்கான கோண வினாடி) ஒத்துப்போகவில்லை. இமயமலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்று பிராட் என்ற பாதிரியார் கணக்குப் போட்டார். அவர் கணக்குப்படி 15 வினாடிக்கு மேல் வித்தியாசம் வந்திருக்க வேண்டும், ஆனால் வந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் மலைக்கு அடியில் எங்கேயோ எடை குறைகிறது. 1855-இல் இதிலிருந்துதான், மலைகளுக்குக் கீழே லேசான பாறை வேர்போல இறங்கியிருக்கிறது என்ற விளக்கத்தை ஜார்ஜ் ஏரி (Airy) என்ற ஆங்கிலேய வானியலாளர் முன்வைத்தார்.

இனி காரணம். இதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

லேசான சூடான பாறை கீழே இருந்தால் பொருள் குறைவு, ஈர்ப்புக் குறைவு, ஜியாய்டு தாழ்வு, முடிந்தது கதை என்று பல செய்திகளில் எழுதியிருந்தார்கள். அவ்வளவு சுலபமாக இருந்தால் எழுபத்தைந்து வருடம் ஆகியிருக்காது. ஆப்பிரிக்காவுக்கு அடியில், மேன்டிலின் அடித்தளத்தில், சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் கண்டம் அளவுக்குப் பெரிய ஒரு சூடான திரள் இருக்கிறது, அதற்கு மேலே ஜியாய்டு தாழ்ந்தில்லை, உயர்ந்திருக்கிறது. பசிபிக் நடுவிலும் அதே கதை. என்ன காரணம் என்றால், அடியிலிருந்து சூடான பொருள் எழும்பும்போது மேலே இருப்பதையும் சேர்த்துத் தூக்குகிறது. அடுப்பில் கூழ் கொதிக்கும்போது குமிழி வெடிப்பதற்கு முன்னாலேயே மேற்பரப்பு அந்த இடத்தில் உப்பிக்கொண்டு வருமே, அதேதான். அப்படித் தூக்கிய மேடு கூடுதல் பொருள், அது ஈர்ப்பைக் கூட்டும். கீழே இருக்கும் லேசான பாறை குறைக்கும். இரண்டில் எது ஜெயிக்கும் என்பது அந்தச் சூடான பொருள் எந்த ஆழத்தில் இருக்கிறது, சுற்றியுள்ள பாறை எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், மேல் மேன்டிலில் சூடான பொருள் இருந்தால் பெரும்பாலும் தாழ்வு, அதே பொருள் கீழ் மேன்டிலில் இருந்தால் மேடு. குளிர்ந்த கனமான பாறைக்கு இது அப்படியே தலைகீழ்: மேலே இருந்தால் மேடு, ஆழத்துக்குப் போய்விட்டால் தாழ்வு.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் பகுதியைப் பாருங்கள். இந்தியா ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, அன்டார்டிகா, ஆஸ்திரேலியாவோடு ஒட்டி கோண்டுவானாவாக இருந்தது. வடக்கே ஆசியாவுக்கும் அதற்கும் நடுவில் டெத்திஸ் கடல். இந்தியா பிரிந்து வடக்கே ஓட ஓட, டெத்திஸ் கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் செருகி மேன்டிலுக்குள் இறங்கியது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவில் மோதியபோது அந்தக் கடல் முடிந்தது, ஆனால் அதன் தரை எங்கேயும் போய்விடவில்லை, குளிர்ந்த பலகைகளாகக் கீழ் மேன்டிலில் கிடக்கிறது. ஆழத்தில் குளிர்ந்த பொருள் என்றால் தாழ்வு, இதுவரை கணக்கு சரி. ரொம்ப காலம் இந்தப் பலகைகள் மட்டுமே காரணம் என்று நினைத்தார்கள். ஆனால் பலகைகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இவ்வளவு ஆழமும், சரியான இடமும் கிடைக்கவில்லை. 2010-இல் ஸ்பாசோயெவிச், கர்னிஸ், சதர்லாந்து மூவரும், பழைய பலகைகள் கிடக்கும் இடங்களுக்கு மேலே சூடான பொருள் எழும்புவதும் சேர்ந்தால்தான் உலகத்தின் ஜியாய்டு தாழ்வுகளை விளக்க முடியும் என்று எழுதினார்கள். 2017-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆத்ரேயி கோஷும் கூட்டாளிகளும் இந்தியப் பெருங்கடலை மட்டும் எடுத்துப் பார்த்து, சுமார் 300-லிருந்து 900 கி.மீ. ஆழத்துக்குள் இருக்கும் சூடான லேசான பொருளைச் சேர்க்காவிட்டால் இந்தத் தாழ்வு வருவதே இல்லை என்று காட்டினார்கள்.

அதே வருடம் ஜெர்மனி ஆய்வாளர்கள் நில அதிர்வு அலைகளை வைத்து வேறு வழியில் அதே பக்கம் வந்து சேர்ந்தார்கள். மேன்டிலில் 410 கி.மீ., 660 கி.மீ. ஆழங்களில் கனிமங்கள் தம் அமைப்பை மாற்றிக்கொள்ளும் இரண்டு எல்லைகள் இருக்கின்றன. அந்தப் பகுதி சூடாக இருந்தால் மேல் எல்லை கொஞ்சம் கீழே இறங்கும், கீழ் எல்லை கொஞ்சம் மேலே ஏறும், நடு அடுக்கு மெலியும். மெலிந்திருப்பதாகத்தான் அலைகள் காட்டின. தனித்தனி முறையில் இரண்டு குழு ஒரே முடிவுக்கு வந்ததால் இந்தப் பகுதியை நான் ஓரளவு தைரியமாகவே நம்புவேன்.

மீதிக் கேள்வி, அந்தச் சூடான பொருள் அங்கே எப்படி வந்தது? இந்தியப் பெருங்கடலின் அந்த மூலையில் எரிமலைத் தீவுகளோ பெரிய பிளவோ கிடையாது. இதற்குத்தான் 2023-இல் தேபாஞ்சன் பாலும் ஆத்ரேயி கோஷும் பதில் சொல்ல முயன்றார்கள். இன்றைய நிலையிலிருந்து தொடங்காமல், 14 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் போய், புவித்தட்டுகள் நகர்ந்த வரலாற்றைக் கணினியில் ஏற்றி, மேன்டில் எப்படிப் புரண்டிருக்கும் என்று இன்று வரை ஓட்டிப் பார்த்தார்கள். பாறையின் கெட்டித்தன்மை, ஆப்பிரிக்கத் திரளின் அடர்த்தி போன்றவை சரியாகத் தெரியாது என்பதால் அவற்றை மாற்றி மாற்றி 19 விதமாக ஓட்டினார்கள். எல்லாவற்றிலும் இந்தப் பள்ளம் வரவில்லை, சிலவற்றில்தான் உண்மைக்கு நெருக்கமாக வந்தது. வந்தவற்றில் நடந்தது இது: டெத்திஸ் பலகைகள் இறங்கி இறங்கி மேன்டிலின் அடித்தளத்தைத் தொட்டபோது அங்கே இருந்த ஆப்பிரிக்கத் திரளின் விளிம்பை இடித்துத் தள்ளின, இடிபட்ட திரளிலிருந்து சூடான பொருள் தூண்களாகக் கிளம்பி மேலேறி, இந்தியத் தட்டு போகும் போக்கில் கிழக்கே வளைந்து இந்தியப் பெருங்கடலுக்கு அடியில் வந்து தங்கியது. இன்று இருக்கிற வடிவத்துக்கு அந்தத் தாழ்வு வந்தது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்.

கதை அழகாகத்தான் இருக்கிறது. செத்துப்போன ஒரு கடலின் தரை 2,900 கி.மீ. ஆழத்துக்குப் போய் ஆப்பிரிக்காவுக்கு அடியில் கிடந்ததைக் கிளப்பிவிட, அதன் விளைவு இலங்கைக்குத் தெற்கே கடல் மட்டத்தில் தெரிகிறது. ஆனால் அழகாக இருப்பதாலேயே சந்தேகப்பட வேண்டியும் இருக்கிறது, ஆட்சேபணைகள் சும்மா வந்தவை அல்ல. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் ஹிமாங்ஷு பால், கணினியில் வரும் இந்தத் தூண்கள் உண்மையிலேயே அங்கே இருப்பதற்கு நில அதிர்வு அலைகளில் தெளிவான ஆதாரம் இல்லை என்றார். புளோரிடா பல்கலைக்கழகத்தின் அலெசாண்ட்ரோ ஃபோர்ட்டே சொன்னது இன்னும் கடினமானது: இதே மாதிரிக் கணக்கில், 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பைக் கொட்டிய, இன்று ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கும் சூடான தூண் வரவில்லையே, பசிபிக், ஆப்பிரிக்கா, யூரேசியாப் பக்கம் ஜியாய்டும் சரியாகப் பொருந்தவில்லையே என்று கேட்டார். மும்பையிலிருந்து மகாபலேஷ்வர் வரைக்கும் கண்ணெதிரே கருங்கல் அடுக்குகளாக நிற்கும் ஒரு நிகழ்வைக் கணக்கு தவறவிடுகிறது என்றால், கண்ணுக்குத் தெரியாததை எவ்வளவு நம்பலாம் என்பது நியாயமான கேள்விதான். மறுபக்கம், 14 கோடி ஆண்டு மேன்டில் வரலாற்றில் ஒவ்வொரு தூணும் அதனதன் இடத்தில் வர வேண்டும் என்று எதிர்பார்த்தால் இந்தத் துறையில் எந்தக் கணக்கும் தேறாது. என் கருத்தைக் கேட்டால், நடு ஆழத்தில் சூடான பொருள் இருப்பது ஏறக்குறைய உறுதி, அது ஆப்பிரிக்கத் திரளிலிருந்து வந்தது நடக்கக்கூடியது, டெத்திஸ் பலகைதான் அதைக் கிளப்பியது என்பது இன்னும் நிரூபிக்க வேண்டியது. செய்திகளில் மூன்றாவதைத்தான் முதல் வரியில் போட்டார்கள்.

இதைத் தீர்க்க வழி ஒன்றுதான், அந்த இடத்துக்கு மேலேயே கருவி வைத்துக் கேட்பது. நில அதிர்வு மானிகள் பெரும்பாலும் நிலத்தில்தான் இருக்கின்றன, நடுக்கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைத் தூரத்திலிருந்து பக்கவாட்டில் பார்க்கும்போது படம் மங்கலாகத்தான் வரும். கோவாவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் கடல் ஆய்வு மையம் இதற்காகவே இந்தத் தாழ்வுப் பகுதியில் கடலடி நில அதிர்வு மானிகளை இறக்கியிருக்கிறது. கப்பலில் கொண்டுபோய் சுமார் நான்கு கி.மீ. ஆழத்தில் கருவியைப் போட்டு, மாதக்கணக்கில் தானாகப் பதிவு செய்யவிட்டு, அப்புறம் ஒலி சமிக்ஞை அனுப்பி நங்கூர எடையைக் கழற்றிவிட்டு மேலே மிதந்து வரவைத்து எடுக்க வேண்டும். செலவு பிடித்த வேலை, ஆனால் இந்த மாதிரித் தரவு கூடக் கூடத்தான் தூண் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும், இன்னும் பத்தொன்பது விதமாகக் கணினியை ஓட்டுவதால் அல்ல.

இடையில் ஒரு சின்னத் திருத்தமும் சொல்ல வேண்டும். உலகத்திலேயே ஆழமான தாழ்வு என்று சொன்னேன் அல்லவா, அது ஜி.பி.எஸ். பயன்படுத்தும் நீள்கோளத்தோடு ஒப்பிட்டால். பூமி முழுக்கத் திரவமாக இருந்து இதே வேகத்தில் சுழன்றால் எடுக்கும் வடிவம் இதிலிருந்து கொஞ்சம் வேறுபடும், அதோடு ஒப்பிட்டால் மிக ஆழமான தாழ்வு அன்டார்டிகாவில் ராஸ் கடல் பக்கம் போய்விடுகிறது, நம் தாழ்வு முதலிடத்தில் இல்லை. மேன்டிலை ஆராய்பவர்களுக்கு அந்த இரண்டாவது ஒப்பீடுதான் முக்கியம். மேலே சொன்ன ஃபோர்ட்டே அந்த அன்டார்டிகத் தாழ்வு கோடிக்கணக்கான ஆண்டுகளில் எப்படி வளர்ந்தது என்றும் ஆய்வு செய்திருக்கிறார். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை, யாருடைய பள்ளம் பெரிது என்று சண்டை போடவும் வேண்டாம்.

குமரிக்கண்டம். இந்தப் பள்ளத்தைக் காட்டி "மூழ்கிய நிலத்தின் தடம்" என்று வாட்சாப்பில் சுற்றுகிறது, அதனால் நேராகவே சொல்கிறேன். பள்ளம் கடல் மேற்பரப்பில் இருக்கிறது, கடல் தரையில் இல்லை. அதன் கீழே தரை கண்டப் பாறையும் இல்லை. இந்தியா அன்டார்டிகாவிலிருந்து விலகிய பிறகு உருவான கடல்தரைப் பாறை, அதற்கு மேல் கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையிலிருந்து அடித்துக்கொண்டு வந்து கொட்டிய வண்டல். வங்காள வண்டல் விசிறி இலங்கையையும் தாண்டித் தெற்கே போகிறது, மொத்தம் ஏறத்தாழ 3,000 கி.மீ. நீளம். அங்கே ஒரு கண்டம் மூழ்கியிருந்தால் கண்டப் பாறையின் தடிமனும் லேசான எடையும் அலைகளில் தெரிந்திருக்கும், கோடிக்கணக்கான ஆண்டுகளாக மூழ்கிக் கிடக்கும் சிலாந்தியாவை நியூசிலாந்துக்கு அருகே அப்படித்தான் அடையாளம் கண்டார்கள். பனியுகத்தில் கடல் மட்டம் 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது, அப்போது மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் நிலம் வெளியே இருந்தது, இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். கடல் கொண்ட நிலம் பற்றிப் பேச வேண்டுமானால் அந்தப் பக்கம் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. 106-உம் 120-உம் பக்கத்துப் பக்கத்து எண்களாக இருப்பது தற்செயல், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை.

பின்னூட்டத்தில் ஒருவர், இந்தப் பள்ளத்தால் பருவநிலை மாற்றத்தில் நம் கடற்கரை தப்பிக்குமா என்றும் கேட்டிருந்தார். தப்பிக்காது. கடல் மட்டம் உயர்கிறது என்றால் இப்போது நிற்கிற இடத்திலிருந்து உயர்கிறது, நீள்கோளத்திலிருந்து மைனஸ் 86-இல் இருக்கும் சென்னைக் கடல் மைனஸ் 85.7-க்கு வந்தாலும் பட்டினப்பாக்கத்தில் தண்ணீர் 30 சென்டிமீட்டர் ஏறித்தான் வரும். பள்ளம் எப்போது மறையும் என்பதற்கு, கீழே அந்தச் சூடான பொருள் இருக்கும்வரை மறையாது. இந்தியத் தட்டு வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் வேகத்தில் வடகிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது, மேன்டிலும் தன் போக்கில் புரண்டுகொண்டிருக்கிறது, கோடி ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது இடமும் ஆழமும் மாறும். அதற்குள் சர்வேக்காரர்கள் கூட்டல் எண்ணை மாற்ற வேண்டியது ஜியாய்டு மாதிரி மேம்படும்போது மட்டும்தான்.